சொந்தமாகக் கட்டிய மாடல் கிளைடரின் வாலை வலுவாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே கிளைடரை (எஞ்சின் இல்லாமல் ரேடியோவால் ஓட்டும் மாடல் விமானம்) வைத்துப் போட்டவை: 2 மீட்டர் இறக்கை, ரட்டரும் (செங்குத்து வாலில் இடம்வலம் ஆடும் பலகை) எலிவேட்டரும் (கிடைவாலில் மேலும் கீழும் ஆடும் பலகை) மட்டும், பால்சா (மிக இலேசான மரம்) உடல், மொத்தம் 800 கிராம், பங்கீ ரப்பரில் (இழுத்துவிடும் நீள ரப்பர் கயிறு) ஏற்றுவது. நிறை மையத்திலிருந்து (சிஜி என்று நாம் சொல்லும் புள்ளி) கிடைவால் 700 மி.மீ. பின்னால் இருக்கிறது, மூக்கில் ஈயம் வைக்கும் இடம் 230 மி.மீ. முன்னால். உங்கள் கிளைடர் இதிலிருந்து மாறுபட்டால் இந்த இரண்டு நீளங்களையும் அளந்து கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

வால் அடிக்கடி உடைகிறது. இன்னும் தடிமனான மரம் போட்டால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் இன்னும் மோசமாகும். 700-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3. அதாவது வாலில் 10 கிராம் கூடினால் மூக்கில் 30 கிராம் ஈயம் போட்டால்தான் சிஜி பழைய இடத்துக்கு வரும். மொத்தத்தில் 40 கிராம் கூடிவிட்டது.

எடை மட்டும் பிரச்சினை இல்லை. தரையில் மூக்கு குத்தும்போது முன்பக்கம் நின்றுவிடும், வால் நிற்காது. தன் எடையோடு சாட்டை மாதிரி வீசி வரும். பூமை (இறக்கையிலிருந்து வால் வரை நீளும் மெல்லிய பின்னுடல்) உடைப்பது அந்த வீச்சுதான். வால் நுனியில் எடை கூடக் கூட வீச்சின் பாரம் பூமின் மேல் கூடுதலாக இறங்கும். ஆக, வலுவுக்கென்று நீங்கள் போட்ட மரமே அடுத்த முறை உடைப்பதற்கு உதவி செய்யும். நுனி எடை காற்றிலும் தொந்தரவுதான்: தெர்மலில் (மேலே எழும் சூடான காற்றில்) திருப்பும்போது கிளைடர் சோம்பலாகத் திரும்பும், திருப்பி நிறுத்தினாலும் வால் கொஞ்சம் தாண்டிப் போய்த்தான் நிற்கும்.

வாலில் செய்ய வேண்டியது கார்பன் இழையையும் கண்ணாடி இழையையும் சரியான இடத்தில், சரியான திசையில் வைப்பது. மரத்தைக் கூட்டுவது கடைசி வழி.

எங்கே வலு போட வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உடைந்த முகத்தைப் பாருங்கள். துண்டுகளைத் தூக்கி எறியாமல், வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

மரம் இழுவையைத் தாங்கும் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்காது. அதனால் ஒரு பக்கத்தில் பால்சா நசுங்கிச் சுருக்கம் விழுந்திருக்கும், எதிர்ப்பக்கத்தில் நீள நீளமாக நார் பிய்ந்திருக்கும். சுருக்கம் விழுந்த பக்கம்தான் முதலில் தோற்ற பக்கம். சுருக்கம் பூமின் இடது அல்லது வலது பக்கத்தில் இருந்தால், இறங்கும்போது ஒரு இறக்கை நுனி புல்லில் மாட்டி, கிளைடர் பம்பரம் போலச் சுற்றியிருக்கிறது. மேலோ கீழோ இருந்தால் மூக்கு குத்திய வேலை. பூமைச் சுற்றிச் சாய்வாக, திருகாணிப் புரி மாதிரி விரிசல் ஓடினால் அது முறுக்கு; அதற்குக் கார்பன் பட்டையை நீளவாக்கில் எத்தனை ஒட்டினாலும் பயன் சொற்பம்.

ஒட்டு விட்டுப்போன இடமாக இருந்தால், பசையின் மேல் மர நார் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நார் இருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, மரம்தான் பிய்ந்தது. பசை பளபளவென்று வழுவழுப்பாக இருந்தால் ஒட்டே பிடிக்கவில்லை.

பால்சாப் பெட்டி பூம் இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உடைகிறது. அதை எப்படிப் பலப்படுத்துவது?

இறக்கை உட்காரும் பகுதி விறைப்பானது. அது முடிந்து மெல்லிய பூம் தொடங்கும் இடத்தில் எல்லா வளைவும் வந்து குவியும். முதலில் இரண்டு வழிகளின் எடையை ஒப்பிடுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக 600 × 25 மி.மீ. அளவில் 2 மி.மீ. பிளைவுட் ஒட்டினால் சுமார் 39 கிராம். அதன் நடுப்பகுதி சிஜியிலிருந்து 350 மி.மீ. பின்னால் இருப்பதால் மூக்கில் 60 கிராம் ஈயம் கேட்கும். நான்கு மூலைகளிலும் 3 × 0.5 மி.மீ. கார்பன் பட்டை, ஒவ்வொன்றும் 600 மி.மீ. என்று ஒட்டினால் மொத்தம் ஐந்தரை கிராம். மூக்குக்கு எட்டு கிராம் போதும்.

செய்முறை இப்படி. பூமின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஃபிலிமை முழுவதும் உரித்துவிடுங்கள். கார்பன் பட்டையின் ஒட்டும் முகத்தை 220-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைப் போக்கி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள்; தொழிற்சாலையிலிருந்து வரும் பளபளப்பு இருக்கும்வரை எந்தப் பசையும் பிடிக்காது. தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள், தண்ணீர் தொட்டுக்கொண்டு தேயுங்கள். கார்பன் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. தெறிக்கும் சிம்பு விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

பட்டையை மேல் முகத்திலும் கீழ் முகத்திலும், மூலையை ஒட்டிப் படுக்கையாக வையுங்கள். மூலையில் இருந்தால் மேல்கீழ் வளைவு, பக்கவாட்டு வளைவு இரண்டுக்கும் அதே பட்டை வேலை செய்யும். இறக்கையின் பின்விளிம்புக்கு 80 மி.மீ. முன்பிருந்தே தொடங்கி, கிடைவாலின் முன்விளிம்பு வரை கொண்டுபோங்கள். மெதுவாக இறுகும் எப்பாக்ஸியை (அரால்டைட் வகைப் பசை) மிக மெல்லிசாகத் தடவி, 50 மி.மீ.க்கு ஒரு இடத்தில் பேப்பர் டேப்பால் கட்டி, உடலை நேரான பலகையில் வைத்து இறுக விடுங்கள். பலகைக்கும் உடலுக்கும் இடையில் பாலித்தீன் தாள் போட மறக்க வேண்டாம். இந்த வேளையில் பூம் வளைந்திருந்தால் அந்த வளைவு ஆயுசுக்கும் நிற்கும். ஆகவே டேப் கட்டியதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து நீளவாக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முறுக்குக்கு: பின்பாதியில் 25 கிராம் (சதுர மீட்டருக்கு) கண்ணாடி இழைத் துணி ஒரு அடுக்கு, இழைகள் பூமுக்கு 45 டிகிரியில் ஓடும்படி. எப்பாக்ஸிப் பிசின் தடவியதும் டிஷ்யூ பேப்பரை மேலே உருட்டி மிச்சத்தை ஒற்றி எடுங்கள். பூம் முழுவதுக்கும் சுற்றினால்கூட, பிசினோடு சேர்த்து 3 கிராம்தான் வரும். துணி பளபளப்பாக, ஈரமாகத் தெரிந்தால் பிசின் அதிகம். நெசவு தெரிய வேண்டும்.

புஷ்ராடு (ரட்டரையும் எலிவேட்டரையும் இழுத்துத் தள்ளும் கம்பி) வெளியே வரும் துளைக்குப் பக்கத்தில் விரிசல் விடுகிறது. துளை சின்னதுதானே?

ஒரு தாளைச் சுருட்டி ஓரத்தை ஒட்டிக் குழாயாக்கி, இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள்; எதிர்க்கும். அதே குழாயை நீளவாக்கில் கத்தரியால் ஒரு கோடு வெட்டிவிட்டு முறுக்குங்கள், துவண்டுவிடும். பெட்டி பூமுக்கும் இதுதான். மூடியிருக்கும்வரை அது குழாய். பக்கத்தில் 40 மி.மீ. நீளத் துளை போட்டதும் அந்த இடத்தில் அது குழாய் இல்லை.

ரட்டர் துளையையும் எலிவேட்டர் துளையையும் ஒரே இடத்தில் எதிரெதிராக வைக்காதீர்கள். குறைந்தது 60 மி.மீ. தள்ளி வையுங்கள். சதுர மூலை வேண்டாம், முனைகள் வட்டமாக இருக்கட்டும். துளையைச் சுற்றி உள்பக்கம் 0.8 மி.மீ. பிளைவுட் சட்டம் ஒன்று ஒட்டினால் இழந்த வலு பெரும்பகுதி திரும்பும்.

பலப்படுத்திய இடம் தப்பித்தது, ஆனால் அது முடியும் இடத்தில் உடைந்துவிட்டது. ஏன்?

எல்லாப் பட்டையும் ஒரே கோட்டில், வெட்டு முனையோடு முடிந்திருக்கும். விறைப்பு திடீரென்று குறையும் இடம் எதுவோ, அங்கே உடையும். பழைய உடைப்பை நீங்கள் சரிசெய்யவில்லை, இடம் மாற்றியிருக்கிறீர்கள்.

ஒவ்வொரு பட்டையின் முனையையும் 15 மி.மீ. நீளத்துக்குச் சாய்வாகக் கூர்மையாக்குங்கள். நான்கும் ஒரே இடத்தில் முடியாமல் 25 மி.மீ. வித்தியாசத்தில் படிப்படியாக முடியட்டும். கண்ணாடித் துணியின் ஓரத்தையும் நேராக வெட்டாமல் பல்பல்லாக வெட்டலாம். இது அழகுக்கு அல்ல.

கிடைவாலில் கார்பன் கம்பி பதித்தேன். ஆனாலும் வளைகிறது. கார்பன் தரமில்லையா?

கார்பன் மேல் குற்றமில்லை, வைத்த இடம் தவறு. 3 மி.மீ. பால்சாத் தகட்டின் நடுவே 1 மி.மீ. கம்பியைப் பதித்தால் அது வளைவின் நடுக்கோட்டில் உட்காருகிறது. அங்கே இழுவையும் இல்லை, அமுக்கமும் இல்லை. கம்பிக்கு வேலையே இல்லை.

3 × 0.5 மி.மீ. பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டின் மேல் படுக்கப் போட்டு விரலால் வளைத்தால் காகிதம் போல வளையும். அதையே செங்குத்தாக நிறுத்தி வளைத்தால் 36 மடங்கு விறைப்பு. அகலமும் தடிமனும் 6-க்கு 1. அந்த ஆறின் வர்க்கம்தான் 36. எடை மீட்டருக்கு 2.3 கிராம், எப்படி வைத்தாலும் அதே எடை. நடுவில் பதித்த 1 மி.மீ. கம்பியோடு ஒப்பிட்டால் நிறுத்திய பட்டை 20 மடங்குக்கும் மேல் விறைப்பு, எடையோ இரண்டு மடங்குதான்.

தகட்டின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், நுனிக்கு நுனி நேர்கோடு போட்டு, இரும்பு ஸ்கேலை அணைத்து, புதுப் பிளேடால் மூன்று நான்கு முறை மெல்ல இழுத்துத் தகட்டை இரண்டாக வெட்டுங்கள். பட்டையை நடுவில் நிறுத்தி, பாலித்தீன் மேல் மூன்று துண்டையும் நெருக்கி வைத்து, பேப்பர் டேப்பால் இறுக்கி, மெல்லிய சயனோ பசையை (ஃபெவிக்விக் வகை) இணைப்பு நெடுகச் சொட்டு விடுங்கள். தானே உறிஞ்சிக்கொள்ளும். 500 மி.மீ. வாலுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் கூடும். கடைசியாக உப்புத்தாள் கட்டையால் தேய்க்கும்போது கார்பன் மேடாக நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் தேயாது, பக்கத்து பால்சா பள்ளமாகும்.

பூமில் படுக்க வைக்கச் சொல்லிவிட்டு இங்கே நிறுத்தச் சொல்கிறோமே என்று கேட்கலாம். பூமில் பட்டை நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, அந்தத் தூரமே வேலையைச் செய்கிறது. 3 மி.மீ. தகட்டில் அந்தத் தூரம் கிடையாது.

தகட்டு வாலா, சட்டம் கட்டிய வாலா? எது வலு?

500 × 100 × 3 மி.மீ. தகடு, கன சென்டிமீட்டருக்கு 0.12 கிராம் மரத்தில், 18 கிராம். கடையில் தகட்டைக் கையில் எடுக்கும்போதே எடை போடுங்கள்: 3 × 100 × 915 மி.மீ. தகடு 33 கிராம் இருந்தால் வாலுக்கு ஏற்றது, 55 கிராமைத் தாண்டினால் அது வேறு இடத்துக்கான மரம். மரத்தின் வெட்டும் முக்கியம். மேல்பரப்பில் மீன் செதில் போலப் பளபளக்கும் புள்ளிகள் தெரிந்தால் அது ஆரவாக்கில் அறுத்தது. குறுக்கே விறைப்பாக நிற்கும், கோணாது. தகட்டு வாலுக்கு அதுவே சரி.

5 மி.மீ. குச்சிகளால் சட்டம் கட்டினால் எடை குறையும், தடிமன் கூடியதால் விறைப்பும் வரும். ஆனால் குறுக்குக் குச்சிகள் எல்லாம் நேராக, ஏணி மாதிரி இருந்தால் வால் முறுக்கிக்கொள்ளும். மரக்கதவின் பின்னால் சாய்வாக ஒரு சட்டம் அடிப்பது எதற்கோ, அதற்காகவே இங்கும் சாய்வுக் குச்சிகள் வேண்டும். மூலைகளுக்கு முக்கோணத் துண்டு. மேலே ஒட்டும் ஃபிலிம் சதுர மீட்டருக்கு 60 கிராம் என்றால் இரு பக்கமும் சேர்த்து 6 கிராம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்குத்து வால் அடியோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது.

முதலில் மரத்தின் ரேகை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். செங்குத்து வாலில் ரேகை மேலிருந்து கீழாக, முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். உடலின் நீளவாக்கில் ஓடினால் ஒரு தட்டுக்கே அடியில் முறியும். புதிதாகக் கட்டுபவர்களிடம் மிக அதிகமாகக் காணும் தவறு இதுதான்.

அடுத்து, உடலின் மேல் முகத்தில் வெறுமனே ஒட்டிய வால் நிற்காது. வாலின் பின்கட்டையை, 3 × 6 மி.மீ. கெட்டி பால்சா அல்லது ஸ்புரூஸ், உடலுக்குள் இறக்கி அடித்தகடு வரை கொண்டுபோய் ஒட்டுங்கள். முன்பக்கமும் ஒரு நாக்கு உள்ளே இறங்கட்டும். பிறகு இணைப்பின் இரு பக்கமும் 49 கிராம் கண்ணாடித் துணி, 60 × 40 மி.மீ., இரண்டு அடுக்கு. பாதி வாலின் மேல், பாதி உடலின் மேல், இழை 45 டிகிரி. மூலையில் துணி மடியும் இடத்தில் இடைவெளி விழாமல் இருக்க, முன்பே பால்சாத் தூளும் எப்பாக்ஸியும் குழைத்து விரல் நுனியால் ஒரு சிறு வளைவு பூசிக்கொள்ளுங்கள். துணிக்கும் அதன் பிசினுக்கும் சேர்த்து ஒரு கிராம்தான்.

கிடைவால் செங்குத்து வாலின் உச்சியில் உட்காரும் டி-வால் என்றால் இது போதாது. உச்சியில் எடை இருப்பதால் ஒவ்வொரு இறக்கத்திலும் அடிப்பகுதி வளையும், முறுக்கும் சேரும். செங்குத்து வாலே 8 மி.மீ. தடிமனாக, உள்ளே கார்பன் கட்டையோடு இருக்க வேண்டும். முதல் கிளைடருக்கு டி-வால் வேண்டாம் என்பதே நம் பரிந்துரை.

ஃபெவிக்விக், ஃபெவிகால், அரால்டைட்: எது எதற்கு?

சயனோ பசை, பால்சாவோடு பால்சா இடைவெளியில்லாமல் பொருந்தும் இடத்துக்கு. அது கண்ணாடி மாதிரி உடையக்கூடியது. உரிக்கும் விசையும் திடீர் அடியும் விழும் இடத்தில், அதாவது வாலின் அடியில், தனியாக நம்பக்கூடாது. வழிந்ததைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். சட்டென்று சூடேறிப் புகையும்.

வெள்ளைப் பசை (ஃபெவிகால்) பால்சாவுக்கு நல்லது, கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், தேய்க்கவும் எளிது. கார்பனில் பிடிக்காது. கார்பன், கண்ணாடித் துணி, பிளைவுட், அடிப்பகுதி இணைப்புகள் எல்லாவற்றுக்கும் எப்பாக்ஸி. அதிலும் 5 நிமிட வகையை விட மெதுவாக இறுகுவது வலு. இரண்டு டியூபையும் கண்ணளவில் பிதுக்காமல், அட்டையில் குறிப்பிட்ட விகிதத்தில் எடை போட்டுக் கலக்குங்கள். விகிதம் பிசகினால் நாள்கணக்கில் ரப்பர் மாதிரியே இருக்கும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் எப்பாக்ஸியும் இளகும், வெள்ளைப் பசையும் இளகும். வாலின் மேல் பையோ பெட்டியோ சாய்ந்திருந்தால் மாலையில் எடுக்கும்போது கோணியிருக்கும். கறுப்பு ஃபிலிம் ஒட்டிய வால் இன்னும் சீக்கிரம் சூடேறும்.

பூமுக்குக் கார்பன் குழாய் போடலாமா? எந்த அளவு?

போடலாம். 8 மி.மீ. வெளிவிட்டம், 6 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாய் மீட்டருக்கு 34 கிராம். 10-க்கு 9 குழாய் மீட்டருக்கு 23 கிராம்தான், விறைப்போ இதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். விட்டம் பெரிதாகவும் சுவர் மெல்லிசாகவும் இருப்பது நல்லது. ஆனால் மெல்லிய சுவர் நசுங்கும். திருகு, கட்டு, கிளிப் அழுத்தும் இடங்களில் உள்ளே 30 மி.மீ. பால்சா உருளை ஒன்று ஒட்டி அடைத்துவிடுங்கள்.

குழாய் வாங்கும்போது முனையைப் பாருங்கள். எல்லா இழையும் நீளவாக்கில் மட்டும் ஓடும் மலிவுக் குழாய் முறுக்கைத் தாங்காது, முனையிலிருந்து மூங்கில் மாதிரி பிளக்கும். சுற்றி நெய்த இழை தெரிவதே பூமுக்கு உகந்தது. பிளக்கும் வகைதான் கையில் இருக்கிறதென்றால், இரு முனைகளிலும் 15 மி.மீ. நீளத்துக்குப் பாலியெஸ்டர் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றிச் சயனோ ஊற்றுங்கள்.

வெட்டும்போது வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, மெல்லிய பல் ரம்பத்தால் குழாயைத் திருப்பித் திருப்பி அறுங்கள். ரிசீவர் ஆன்டெனாவைக் கார்பன் குழாய்க்குள் விடக்கூடாது, கார்பன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறைக்கும்.

உடைந்த கார்பன் குழாயை ஒட்ட முடியுமா?

முடியும். பிய்ந்த இழைகளை அறுத்து நேராக்கி, உள்விட்டத்துக்கு வழுக்கிப் போகும் அளவில் ஒரு சிறு குழாயோ கெட்டி மரக் குச்சியோ எடுங்கள். ஒவ்வொரு பக்கமும் விட்டத்தைப் போல நான்கைந்து மடங்கு உள்ளே போக வேண்டும், 10 மி.மீ. குழாய்க்கு மொத்தம் 80 முதல் 100 மி.மீ. செருகும் துண்டின் இரு முனைகளையும் கூம்பாகச் சீவுங்கள், இல்லையென்றால் அது முடியும் இடத்தில் அடுத்த உடைப்பு. வெளியே இணைப்பின் மேல் 49 கிராம் துணி இரண்டு சுற்று.

பங்கீயில் ஏறும்போது வாலிலிருந்து 'ர்ர்ர்' என்று சத்தம் வருகிறது.

அது ஃப்ளட்டர். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் எலிவேட்டரோ ரட்டரோ தானாகவே படபடக்கத் தொடங்கும்; காற்றே அதற்குச் சக்தி கொடுப்பதால் ஒரு நொடிக்குள் வால் சிதறலாம். சத்தம் கேட்டதும் வேகத்தைக் குறையுங்கள், ஆனால் எலிவேட்டரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். மெதுவாக மூக்கைத் தூக்குங்கள். இறக்கியதும் வாலைச் சோதிக்காமல் மறுபடி ஏற்ற வேண்டாம்.

இதற்கு உடனே கார்பன் தேட வேண்டியதில்லை. பெரும்பாலும் காரணம் இணைப்புகளில் உள்ள ஆட்டம்தான். ரேடியோவையும் ரிசீவரையும் போட்டு, செர்வோ (கம்பியை நகர்த்தும் சிறு மோட்டார்) பிடித்திருக்கும்போது எலிவேட்டரின் பின்விளிம்பை இரண்டு விரலால் மேலும் கீழும் அசையுங்கள். 1 மி.மீ.க்கு மேல் ஆடினால் எங்கே ஆடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஹாரன் (எலிவேட்டரில் கம்பியை மாட்டும் சிறு கை) துளை பெரிதாகியிருக்கும்: கம்பி 1.5 மி.மீ. என்றால் துளை 1.6 இருக்க வேண்டும், 2 இருந்தால் ஹாரனை மாற்றுங்கள். புஷ்ராடின் வெளிக்குழாய் உடலுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும்: 100 மி.மீ.க்கு ஒரு இடத்தில் ஒட்ட வேண்டும், வெளியே வரும் இடத்தில் அசையவே கூடாது. ஹாரனில் வெளித் துளை, செர்வோ கையில் உள் துளை என்று மாற்றினால், இருக்கிற ஆட்டமும் எலிவேட்டரில் பாதியாகத் தெரியும். கீல் இடைவெளியை மெல்லிய டேப்பால் மூடுங்கள்.

ஆட்டம் எல்லாம் போன பிறகும் சத்தம் வந்தால் எலிவேட்டர் கனம் என்று அர்த்தம். கீலுக்குப் பின்னால் இருக்கும் எடைதான் இதை வளர்க்கிறது. இலேசான மரத்தில் புதிதாகச் செய்து, பின்விளிம்பை 1.5 மி.மீ. வரை சரிவாகத் தேயுங்கள். அதன் பிறகே பூமின் முறுக்கு விறைப்பு.

வால் உடையாமல் கழன்று விழும்படி செய்யலாமா?

செய்ய வேண்டும். கிடைவாலை நிரந்தரமாக ஒட்டாமல், 3 மி.மீ. பிளைவுட் மேடையில் இரண்டு எம்3 நைலான் போல்ட்டால் கட்டினால், மோசமான அடியில் போல்ட் அறுந்து வால் தப்பிக்கும். உலோக போல்ட் போட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. ரப்பர் பேண்டும் நல்லதே; 3 மி.மீ. மூங்கில் குச்சி இரண்டைக் குறுக்கே விட்டுக் கட்டலாம். ஆனால் ரப்பரில் வால் இடம் பெயரும், ஆகவே முன்விளிம்பில் ஒரு தடுப்புக் கட்டையும் நேர்க்கோட்டுக் குறியும் அவசியம். வெயில் பட்ட ரப்பர் பேண்டை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

ரட்டரின் அடிவிளிம்பு தரையிலிருந்து 5 முதல் 10 மி.மீ. மேலே இருக்கட்டும். அடியில் 1.5 மி.மீ. உருக்குக் கம்பியில் ஒரு சிறு சறுக்கு வைத்தால், ஒவ்வொரு இறக்கத்திலும் செர்வோ பற்சக்கரம் வாங்கும் அடி குறையும்.

இறக்கை நுனியைப் பிடித்துச் சுழற்றி எறியும் கிளைடருக்கு வேறு ஏற்பாடு வேண்டுமா?

வேண்டும். எஃப்3கே என்ற போட்டிப் பிரிவு அது: இறக்கை 1.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, எடை 600 கிராமுக்கு மேல் கூடாது. கையை விட்ட கணத்தில் கிளைடர் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும், அதைத் தடுப்பது செங்குத்து வால் மட்டுமே. வால் முழுவதும் பூமுக்கு மேலே இருந்தால் அந்த விசை பூமை முறுக்கும், கிடைவாலும் சேர்ந்து சாயும். அதனால்தான் இந்த வகையில் செங்குத்து வாலின் ஒரு பகுதி பூமுக்குக் கீழேயும் இருக்கிறது. உங்கள் சாதாரண கிளைடரைச் சுழற்றி எறிந்து பார்க்க நினைத்தால், வாலுக்கும் இறக்கைக்கும் தனியாகப் பலம் போடாமல் செய்யாதீர்கள்.

தெர்மாகோல், சன்பேக் ஷீட் வால்?

சன்பேக் என்ற பிளாஸ்டிக் அட்டையில் உள்ள குழல்கள் வாலின் அகலவாக்கில், நுனிக்கு நுனி ஓடட்டும். முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் உள்ள குழலுக்குள் மூங்கில் குச்சியைச் செருகினால் போதும். அடி தாங்கும், ஆனால் பால்சாவை விடக் கனமாகவே வரும். வெட்டியதும் எடை போடுங்கள். தெர்மாகோலைச் சாதாரண சயனோ கரைத்துவிடும். வெள்ளைப் பசை அல்லது எப்பாக்ஸி. மேலும் கீழும் நூலிழை டேப் ஒட்டும்போது இரண்டையும் ஒரே இழுப்பில் ஒட்டுங்கள். ஒரு பக்கம் இழுத்து ஒட்டினால் வால் அந்தப் பக்கம் வளைந்துவிடும்.

மழைக்காலத்தில் வால் கோணிக்கொள்கிறது.

பால்சா ஈரத்தை உறிஞ்சும். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால் கோணும். இரு பக்கமும் ஒரே நாளில் மூடுங்கள். குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் இலேசாக ஒற்றி, தட்டையான இடத்தில் புத்தகங்களை ஏற்றி ஒரு இரவு விடுங்கள். நனைந்த பக்கம் விரிந்து நேராகும். ஃபிலிமுக்குப் பதில் டிஷ்யூ தாள் ஒட்டி டோப் (தாளை இறுக்கும் வார்னிஷ்) பூசுகிறவர்கள் டோப்பில் சில சொட்டு விளக்கெண்ணெய் கலந்தால் அது அதிகம் சுருங்கி வாலை இழுக்காது.

மைதானத்தில் உடைந்தால் அன்றே பறக்க வழி உண்டா?

உடைந்த முனைகளைத் தேய்க்காதீர்கள், நறுக்காதீர்கள். பிசிறோடு இருக்கும் முனைகள் ஒன்றுக்குள் ஒன்று அப்படியே பொருந்தும். பொருத்திச் சயனோ விட்டு, 3 மி.மீ. மூங்கில் குச்சி 120 மி.மீ. நீளத்தில் இரண்டு, இரு பக்கமும் சிம்பு வைத்து ஒட்டுங்கள். மேலே நூலிழை டேப் இரண்டு சுற்று. இரண்டு குச்சியும் சேர்ந்து ஒரு கிராமுக்குச் சற்று மேல். அன்றைக்குக் கையால் எறிந்து மட்டும் பறக்கவிடுங்கள். வீட்டுக்கு வந்து டேப்பைப் பிரித்து ஒழுங்காகச் செய்யுங்கள். டேப்புக்கு அடியில் விரிசல் வளர்வது தெரியாது.

வேலை முடிந்த பின் என்னென்ன சோதிக்க வேண்டும்?

இறக்கை உட்காரும் இடத்தை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, கிடைவால் மேடையில் 300 கிராம் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிடுங்கள். 600 மி.மீ. பூம் 10 முதல் 15 மி.மீ. வரை இறங்கலாம், எடுத்ததும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஏதோ ஒரு ஒட்டு நழுவுகிறது. சோதிக்கும்போது காதைக் கிட்டே வையுங்கள், 'டிக்' என்று வந்தால் அந்த இடத்தைத் தேடுங்கள். பிறகு கிடைவாலின் ஒரு நுனியை இரண்டு விரலால் மேலே தூக்கி, பூம் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, வால் நேராக இருக்கிறதா என்பது. மூக்கின் நடுவில் குண்டூசி குத்தி நூல் கட்டி, கிடைவாலின் இரு நுனிகளுக்கும் அளந்தால் நூலின் நீளம் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். இரண்டு மீட்டர் பின்னால் நின்று பார்த்தால் கிடைவாலும் இறக்கையின் நடுப்பகுதியும் இணையாகத் தெரிய வேண்டும்.

சிஜியைப் புதிதாகப் பாருங்கள், பழைய ஈயத்தை நம்பாதீர்கள். முதலில் புல்தரையில் எதிர்க்காற்றில் கையால் ஐந்தாறு முறை எறியுங்கள். அது சரியாக இருந்தால் பங்கீயைப் பாதி இழுப்பில் ஒருமுறை ஏற்றி, இறக்கி, கண்ணாடித் துணியின் ஓரங்களிலும் கார்பன் முனைகளிலும் ஃபிலிமில் புதுச் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முழு இழுப்புக்குப் போங்கள்.